எழுதிவச்சதா, எடுத்த முடிவா? திருக்கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு யோசனை

 

பங்குனி உத்திரத் திருக்கல்யாணம் அம்மன் அருளால் நல்லபடியா முடிஞ்சது. சீர்த்தட்டு தூக்கினவங்க, விடியக்காலையிலேயே வந்து காய் நறுக்கினவங்க, கடைசிவரைக்கும் இருந்து அண்டா கழுவிக் கவுத்துட்டுப் போனவங்க, எல்லாருக்கும் நன்றி. இந்தப் பதிவு நன்றி சொல்ல மட்டும் இல்லை. கொஞ்சம் நீளம். பசியாறிட்டு, ஒரு தேத்தண்ணியோட உட்கார்ந்து பொறுமையா படிங்க.

திருக்கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, பின் மண்டபத்துல நாங்க ஏழெட்டுப் பேர் மாலை கட்டிக்கிட்டு இருந்தோம். பூ கட்டுற இடத்துல வாய் சும்மா இருக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். பேச்சு எங்கெங்கேயோ போய் அந்தப் பழைய சிவன் நாடகத்துல வந்து நின்னுச்சு. இந்தியில் ‘தேவோன் கே தேவ் மகாதேவ்’ என்ற பேரில் லைஃப் ஓகே சேனலில் 2011 டிசம்பரில் ஆரம்பிச்சு 2014 டிசம்பர் வரைக்கும் ஓடியது. தமிழில் ‘சிவம்’ என்ற பேரில் விஜய் டிவியில் வந்தது. மோகித் ரைனா சிவனா நடிச்சார். சதியா மௌனி ராய். பார்வதியா முதல்ல சோனாரிகா, அப்புறம் பூஜா பானர்ஜி. நம்ம கோயில் ஆட்களில் பாதிப் பேர் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு ஓடினவங்கதான். நானும் ஓடியிருக்கேன். மறைக்கலை.

எங்களோட பூ கட்டிக்கிட்டு இருந்த ஒரு பொண்ணு திடீர்னு கேட்டுச்சு: “அக்கா, சதி சிவனை உண்மையிலேயே லவ் பண்ணாங்களா? இல்ல, அவங்க சக்தியோட அவதாரம், கட்டாயம் அவரைத்தான் கட்டிக்கணும்னு எழுதியிருந்ததால பண்ணாங்களா?”

எல்லாரும் சிரிச்சோம். ஒரு அக்கா, “எல்லாம் விதிதான்மா. அவங்களுக்கே விதி இருக்கும்போது நமக்கு இருக்காதா?”ன்னு சொல்லி முடிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கலை. தலையைக் குனிஞ்சு பூவையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அப்போ புரியலை. மறுநாள்தான் புரிஞ்சது. அதைப் பின்னாடி சொல்றேன்.

முதல்ல கேள்விக்கு வருவோம். ஏன்னா அது நல்ல கேள்வி.

நாடகத்தைப் பார்த்தவங்களுக்கு நினைவிருக்கும். சதிக்கு எதுவும் தெரியாது. பிரம்மாவுக்குத் தெரியும், திருமாலுக்குத் தெரியும், நாரதருக்குச் சொல்லவே வேண்டாம். சக்தி சிவத்தோட சேரணும்னு மேலே எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. கீழே அந்தப் பொண்ணு, தக்கனோட அரண்மனையில, சிவன் பேரைச் சொல்லவே கூடாதுன்னு கட்டுப்பாடு போட்ட அப்பாவுக்குக் கீழே வளருது. தடுக்கத் தடுக்க மனசு அங்கேயே போகுது. பார்க்கிற நமக்கு, ‘ஆமா, இது முன்னாடியே எழுதினது, பொண்ணு என்ன செய்யும்?’னு தோணும். நாடகமும் நம்மை அப்படித்தான் நினைக்க வைக்குது. பின்னாடி வீணை வாசிக்குது, காத்து அடிக்குது, முடி பறக்குது. அதைப் பார்த்தா யாருக்குத்தான் விதின்னு தோணாது?

ஆனா கதையைப் பாருங்க. தக்கன் தவம் செஞ்சு சக்தியை மகளாகக் கேட்டப்போ, அம்பாள் ஒரு நிபந்தனையோடதான் வந்தாள்னு புராணம் சொல்லுது. என்னை அவமதிச்சா இந்த உடம்பை விட்டுருவேன். அப்படின்னா தக்கனோட அரண்மனை எப்படி முடியும்னு யாரும் முன்னாடியே எழுதி வைக்கலை. தக்கன் எப்படி நடந்துக்கிறான் என்பதுல இருக்கு. அழைக்காத வேள்விக்கு சதி போனதும் அவளோட முடிவு. ஈசன் வேண்டாம்னு சொன்னார், கட்டிப் போடலை. மாப்பிள்ளையை மதிக்காம வேள்வி நடத்தினது தக்கனோட முடிவு. மூணு பேரும் முடிவு எடுத்தாங்க. அதுக்கு அப்புறம் நடந்ததைத்தான் நாம விதின்னு ஒரே வார்த்தையில சுருட்டிட்டோம்.

இன்னும் முக்கியமானது அடுத்த பிறவி.

பார்வதி இமவானுக்கும் மேனைக்கும் மகளா பிறந்தாச்சு. தேவர்களுக்கு அவசரம். சிவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தாதான் அசுரன் சாவான். அதனால மன்மதனை அனுப்பினாங்க. மலர்க்கணை போட்டு ஈசனோட மனசை மாத்திட்டா வேலை முடிஞ்சது. யோசிச்சுப் பாருங்க, இதுதான் விதியை வச்சுக் கல்யாணம் பண்ற முயற்சி. சேரணும்னு எழுதியிருக்கு, ஆகவே சேர்த்து வச்சுடலாம். என்ன ஆச்சு? மன்மதன் சாம்பல் ஆனான்.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பெரிசு. தேவலோகமே சேர்ந்து போட்ட திட்டம் எரிஞ்சு போச்சு. அதுக்கு அப்புறம் என்ன நடந்தது? பார்வதி தானே எழுந்து தவத்துக்குப் போறாள். அம்மா மேனை வேண்டாம் வேண்டாம்னு தடுக்கிறாங்க. பட்டு உடுத்தின பொண்ணு மரவுரி உடுத்துறாள். கடைசியில உதிர்ந்த இலையைக்கூடச் சாப்பிடாம விட்டாள். அதனாலதான் அபர்ணா என்று பேரு. எழுதிவச்சது தானா நடக்கும்னா இவ்வளவு எதுக்கு? வீட்டுல உட்கார்ந்து பாயசம் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாமே.

அதோட நிற்கலை. தவம் பழுத்த பிறகும் ஈசன் நேரா வந்து தாலி கட்டிடலை. வேதியர் வேடத்துல வந்து, “அந்தச் சுடுகாட்டு ஆளையா கட்டிக்கப் போறே? பாம்பு, சாம்பல், புலித்தோல், வீடு வாசல் இல்லை. யோசிச்சுக்கோ”ங்கிற மாதிரி தன்னைப் பத்தித் தானே குறை சொல்றார். காளிதாசன் குமாரசம்பவத்துல ஐந்தாவது சருக்கத்துல பெரும்பகுதி இதுதான். நம்ம கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்துலயும் இந்தச் சோதனை வருது. நாம இதை விளையாட்டுன்னு பார்க்கிறோம். எனக்கு அப்படித் தோணலை. மனசு மாறணும்னா மாறிக்கோ, கதவு திறந்திருக்குன்னு காட்டுறார். அவள் மாறலை. பதில் சொல்றாள், கோவிச்சுக்கிட்டு எழுந்து போகப் பார்க்கிறாள். அதுக்கு அப்புறம்தான் தன் உருவத்தைக் காட்டுறார். அதுக்கும் அப்புறம் ஏழு முனிவர்களை அனுப்பி முறையா பொண்ணு கேட்கிறார்.

உலகத்துக்கே அப்பன். அம்மை அவருக்குன்னே பிறந்தவள். அவரே சம்மதம் கேட்காம கை பிடிக்கலை.

சிலர் சொல்வாங்க, “அம்மா, அது தெய்வம். மனுசங்களுக்கு விதிதான்”னு. சரி, சாவித்திரியை எடுத்துக்குவோம். சத்தியவானைத் தானே தேர்ந்தெடுத்துட்டு வர்றாள். நாரதர் சொல்றார், அவனுக்கு இன்னும் ஒரு வருசம்தான் ஆயுசுன்னு. அப்பாவே வேற ஆளைப் பார்க்கச் சொல்றார். அவள் என் முடிவு மாறாதுன்னு நிக்கிறாள். பாருங்க, அந்தக் கதையில விதி எழுதியிருந்தது கணவனோட சாவு. கல்யாணம் அவளோட முடிவு. கடைசியில எமனுக்குப் பின்னாடியே நடந்து, பேசிப் பேசி, அந்த எழுத்தையும் மாத்திட்டாள்.

திருக்கடையூர் மார்க்கண்டேயன் கதையும் அப்படித்தான். பதினாறு வயசுன்னு எழுத்து. அவன் லிங்கத்தைக் கட்டிப் பிடிச்சான். ஒவ்வொரு அறுபதாம் கல்யாணத்துக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சந்தோசப்படுறோம். பொண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது மட்டும் “எழுத்தை யாராலும் மாத்த முடியாது”ன்னு சொல்றோம்.

விதியே இல்லைன்னு நான் சொல்ல வரலை. சைவ சித்தாந்த வகுப்புக்கு வந்தவங்களுக்குத் தெரியும். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம்னு வினை மூணு. சேர்த்து வச்சது ஒண்ணு, இப்போ அனுபவிக்கிறது ஒண்ணு, இப்போ நாம செய்து சேர்க்கிறது ஒண்ணு. முதல் ரெண்டையும் பத்தி நாம ரொம்பப் பேசுறோம். மூணாவதை மறந்துடுறோம். ஆகாமியம்னு ஒண்ணு இருக்கிறதே, இன்னைக்கு நாம செய்றதுக்கு நாமதான் பொறுப்புன்னு சொல்லத்தானே? வள்ளுவரும் ரெண்டு பக்கமும் பேசியிருக்கார். ஊழ் அதிகாரத்தோட கடைசிக் குறள், 380ஆவது, ஊழைவிடப் பெரிய வலிமை எதுன்னு கேட்குது. ஆள்வினையுடைமையோட கடைசிக் குறள், 620ஆவது, சோராம முயற்சி செய்றவன் ஊழையே முதுகு காட்ட வைப்பான்னு சொல்லுது. ரெண்டும் ஒரே கையால எழுதினதுதான். நாம நமக்கு வசதியானதை மட்டும் எடுத்துச் சொல்றோம்.

இப்போ அந்தப் பொண்ணு விசயத்துக்கு வர்றேன். அவங்க அனுமதி வாங்கித்தான் எழுதுறேன். யாருன்னு தேடாதீங்க, அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

சில வாரத்துக்கு முன்னாடி ஒரு குடும்பம் பூக்கட்டிப் பார்க்க வந்தாங்க. ஒரு வரன் வந்திருக்கு, ஜாதகத்துல பத்துக்கு ஒன்பது பொருத்தம், அம்மன்கிட்ட உத்தரவு கேட்கணும்னு சொன்னாங்க. ஐயர் பூசையில இருந்தார். நான்தான் வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம்னு இலையில மடிச்சுக் கட்டிக் கொடுத்தேன். சன்னதியில வச்சு, கும்பிட்டு, ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். வெள்ளைப்பூ வந்தது. எல்லாருக்கும் சந்தோசம். நானும் அந்தப் பொண்ணு தலையில பூ வச்சு, “அம்மனே சொல்லிட்டாள்மா, இனி என்ன?”ன்னு சொன்னேன்.

ஆமாம், அதே பொண்ணுதான்.

திருக்கல்யாணத்தன்னைக்கு மாங்கல்யதாரணம் நடக்கும்போது எல்லாரும் அட்சதை போட்டோம். அந்தப் பொண்ணு தூண் ஓரமா நின்னு அழுதுக்கிட்டு இருந்துச்சு. பக்தியில அழுவுதுன்னு நினைச்சேன். அன்னதானம் முடிஞ்ச பிறகு என்கிட்ட வந்து, “அக்கா, எனக்கு அந்த வரன்ல இஷ்டம் இல்லை. யாரும் என்னைக் கேட்கலை. இப்போ நான் வேண்டாம்னு சொன்னா அம்மன் வாக்கை மீறின பாவம் வருமா?”ன்னு கேட்டுச்சு.

என் கை கால் ஓடலை. அந்தப் பொட்டலத்தைக் கட்டின கை என்னோடது.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. பூக்கட்டிப் பார்க்கிறது தப்புன்னு நான் சொல்லலை. எங்க பாட்டி தோட்டத்துல இருந்த காலத்துலேர்ந்து நாங்களும் பார்த்து வர்றோம்தான். அம்மன் வாக்குலயும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா நாம அம்மன்கிட்ட என்ன கேட்டோம்? இந்தக் கல்யாணத்தை நடத்தலாமான்னு கேட்டோம். பொண்ணுக்கு விருப்பமான்னு கேட்கலை. அதை அம்மன்கிட்ட கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பொண்ணு பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதுகிட்ட கேட்டிருக்கலாம்.

சட்டமே இதைக் கேட்குது. நம்ம நாட்டுல முஸ்லிம் அல்லாதவங்களோட கல்யாணத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச் 1லேர்ந்து நடப்புல இருக்கு. ரெண்டு பேரும் மனசாரச் சம்மதிக்கிறாங்கன்னு பதிவாளர் திருப்தி அடைஞ்சாதான் கல்யாணத்தை நடத்தி வைக்கலாம்னு அதுல இருக்கு. அரசாங்க மேசையில அந்தக் கேள்வி இருக்கு. அம்மன் சன்னதியில நாம அந்தக் கேள்வியைக் கேட்காம விட்டா, அது அம்மனுக்கு மரியாதையா?

இதே விதிப் பேச்சு வேற ரெண்டு இடத்துலயும் நம்ம பிள்ளைங்களைக் கடிக்குது. அதையும் சொல்லிடுறேன்.

ஒண்ணு, பையன்கள் பக்கம். நாடகம், சினிமா பார்த்துப் பார்த்து, “அவ எனக்குன்னே பிறந்தவ”ன்னு ஒரு எண்ணம். பொண்ணு வேண்டாம்னு சொன்ன பிறகும் பின்னாடியே போறது, மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கிறது, கோயில் வாசல்ல காத்துக்கிட்டு இருக்கிறது. கேட்டா, பார்வதி தவம் இருந்தாங்களே, நானும் காத்திருக்கேன்னு பதில். தம்பி, பார்வதி காட்டுல உட்கார்ந்து தன்னைத்தான் வருத்திக்கிட்டாள். கைலாசத்து வாசல்ல நின்னு யாரையும் தொந்தரவு பண்ணலை. ஒருத்தரோட மனசை வில்லு வச்சு மாத்தப் பார்த்தவன் மன்மதன். அவன் கதி உனக்குத் தெரியும்.

ரெண்டு, கல்யாணம் ஆன பொண்ணுங்க பக்கம். அடி வாங்கிட்டு, நீள கை சட்டை போட்டுக்கிட்டு, வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்த வர்றவங்களை நான் பார்த்திருக்கேன். “என் தலையெழுத்து அக்கா”ன்னு சொல்வாங்க. நாமும் “பொறுத்துக்கம்மா, அம்மன் பார்த்துக்குவாள்”னு அனுப்பிடுறோம். அடிக்கிறது கிரகம் இல்லை. ஒரு ஆள், கையை ஓங்கி அடிக்கிறான். அது அவனோட முடிவு. இந்த நாட்டுல குடும்ப வன்முறைக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. தாலியான் காசே 15999க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். அர்ச்சனைச் சீட்டு எழுதிக் கொடுக்கிற நாம இந்த நம்பரையும் எழுதிக் கொடுக்கலாம். ரெண்டுமே புண்ணியம்தான்.

எல்லாத்தையும் பிள்ளைங்க இஷ்டத்துக்கே விட்டுடணுமான்னு பெத்தவங்க கேட்பீங்க. நியாயமான கேள்வி. விரும்பிக் கட்டினவங்க எல்லாரும் சுகமா இருக்காங்கன்னு நான் சொல்லலை. சதி தானே தேர்ந்தெடுத்தவள்தான்; கடைசியில நெருப்புல போனாள். தேர்ந்தெடுக்கிறது துன்பம் வராதுங்கிறதுக்கு உத்தரவாதம் இல்லை. பெரியவங்க பார்த்து வச்ச கல்யாணம் எத்தனையோ நல்லா இருக்கு, என்னோடதும் அப்படிப்பட்டதுதான். ஆனா எங்க அப்பா என்னைத் தனியா கூப்பிட்டு, “உனக்குச் சம்மதமா? இல்லைன்னா இப்பவே சொல்லு, நான் பார்த்துக்கிறேன்”னு கேட்டார். அந்த ஒரு கேள்விதான் பின்னாடி வந்த கஷ்டத்தை எல்லாம் தாங்க வச்சது. நான் சரின்னு சொன்னது, நான் சுமக்குறேன்னு ஒரு தெம்பு இருந்துச்சு.

நம்ம முருகன் சன்னதியைப் பாருங்க. ஒரு பக்கம் தெய்வானை, இந்திரன் முறையா கொடுத்த கல்யாணம். இன்னொரு பக்கம் வள்ளி, தினைப்புனத்துக் காதல். ரெண்டு பேருக்கும் ஒரே தீபாராதனை. ஆனா கந்தபுராணம் இன்னொண்ணும் சொல்லுது. ரெண்டு பேரும் முற்பிறவியில திருமாலோட பெண்கள், அமுதவல்லி, சுந்தரவல்லி. முருகனையே அடையணும்னு தானா தவம் செஞ்சவங்க. அப்பா கொடுத்த கல்யாணத்துலயும், காட்டுல நடந்த கல்யாணத்துலயும், பொண்ணு முன்னாடியே விரும்பியிருக்கு. எந்த வழியில வந்தாலும் சம்மதம் முதல்ல வருது.

பத்துமலையில 272 படி. நேர்த்திக்கடன் வச்சவங்க தானா வச்சாங்க, தானா ஏறுறாங்க. பக்கத்து ஆளுக்காக இன்னொருத்தரைக் கட்டி இழுத்து ஏத்தினா அது காவடியா? கல்யாணமும் ஒரு நேர்த்திக்கடன் மாதிரிதான். சுமக்கப் போறவங்க வாயால வரணும்.

எனக்குத் தெரிஞ்சு, விதிங்கிற வார்த்தைக்கு ஒரு நல்ல இடம் இருக்கு. எல்லா முயற்சியும் செஞ்ச பிறகும் ஒருத்தர் போயிட்டா, ஒரு குழந்தை தங்காம போயிட்டா, அந்த அம்மாவோட கையைப் பிடிச்சுக்கிட்டு, “உன் தப்பு இல்லைம்மா, விதி”ன்னு சொல்றோமே, அங்கே அது மருந்து. நடந்து முடிஞ்சதுக்கு ஆறுதல். அதே வார்த்தையை இன்னும் நடக்காத ஒண்ணுக்கு, வாய் திறக்கப் போற ஒரு பொண்ணுகிட்ட சொன்னா, அது வாயை அடைக்கிற துணி. வார்த்தை ஒண்ணுதான். சொல்ற நேரத்துல இருக்கு எல்லாம்.

அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னேன்னு கேட்பீங்க. “பாவம் எதுவும் வராது. பொட்டலம் கட்டினது நான். உன்னைக் கேட்காம கட்டினது என் தப்பு. அம்மன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். நீ உங்க அம்மாகிட்ட பேசு. தனியா முடியலைன்னா நான் வர்றேன்”னு சொன்னேன். போன வாரம் நாங்க ரெண்டு பேரும் போனோம். அவங்க அம்மா முதல்ல என் மேல கோவப்பட்டாங்க, “கோயில் ஆளே இப்படிப் பேசலாமா?”ன்னு. அப்பா எதுவும் பேசலை, தொலைக்காட்சியைப் பார்த்துக்கிட்டே இருந்தார். இன்னும் முடிவு ஆகலை. நிச்சயத்தை மட்டும் தள்ளி வச்சிருக்காங்க. என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. வேண்டிக்கோங்க.

நம்ம தொண்டூழியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனிமே பூக்கட்டிப் பார்க்க யாராவது வந்தா, பொட்டலம் மடிக்கிறதுக்கு முன்னாடி, பொண்ணையும் பையனையும் தனித்தனியா ஒரு நிமிசம் கூப்பிட்டு, “உனக்குச் சம்மதமா?”ன்னு கேளுங்க. சம்மதம்னு சொன்ன பிறகு அம்மன்கிட்ட போகலாம். நான் அப்படித்தான் செய்யப் போறேன். இதைத் தலைவர்கிட்டயும் ஐயர்கிட்டயும் சொல்லிட்டேன். ஐயர் ஒரே வரியில சொன்னார்: “சிவனே கேட்டுட்டுத்தான் கட்டினார், நமக்கு என்ன?”

தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன். திட்டணும்னா வெள்ளிக்கிழமை மடப்பள்ளிக்கு வாங்க, காய் நறுக்கிக்கிட்டே திட்டலாம். ஆள் பத்தலை.

திருச்சிற்றம்பலம்.